தோட்டச் சொற்களை மொழிபெயர்க்கும்போது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அண்மையில் எங்கள் வட்டாரத்தில் நடந்த ஒரு கண்காட்சியில், ரப்பர்த் தோட்டத்து முதியவர்களின் நினைவுகளை மலாய்மொழியில் பெயர்த்து ஒட்டியிருந்தார்கள். பாராட்டத்தக்க முயற்சி. ஆயினும் வேலைக்கு முன் தொழிலாளர்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதைக் குறிக்கும் 'பெரட்டு' என்ற சொல்லுக்கு 'பெர்ஹிம்புனான்' என்றிருந்ததைக் கண்டு மனம் வருந்தினேன். பள்ளிக்கூடத்துக் காலைக் கூட்டத்துக்கும் மலாயில் அதே சொல்தான். என் தாயார் இருட்டோடு எழுந்து, வாளிகளைத் தோளில் தூக்கும் காண்டாக்கம்பும் வாளியுமாக ஓடி, பெயர் கூப்பிடும்போது இல்லாவிட்டால் அன்றைய வேலை போய்விடுமே என்று மூச்சிரைக்க நின்ற இடம் பெரட்டுக்களம். அந்த அச்சம் மலாய்ச் சொல்லில் இல்லை.

'கங்காணி'யை 'மண்டோர்' என்றே எழுதியிருந்தார்கள். மண்டோர் வேலையை மேற்பார்ப்பவர்; கங்காணியோ தமிழகத்துக் கிராமங்களுக்கே சென்று ஆள் திரட்டிக் கப்பலேற்றி வந்தவருமாவார். 1938இல் இந்திய அரசு தொழிலாளர்களை அவ்வாறு அனுப்புவதற்குத் தடை விதித்த வரலாறு 'மண்டோர்' என்னும் சொல்லுக்குள் அடங்காது. தமிழில் உழைப்புக்குரிய ஊதியமான 'கூலி', ஆங்கிலத்திலும் மலாயிலும் உழைப்பவனையே தாழ்த்திக் குறிக்கும் பெயரானதையும் இங்கே நினைக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊர்ப் பெயரே 2007இல் பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து பெஸ்தாரி ஜெயா ஆயிற்று. பெரியவர்கள் பேச்சில் இன்னும் பழைய பெயர்தான்.

இத்தகைய பணிகளில் ஈடுபடுவோர் பெரட்டு, கங்காணி, கிராணி (தோட்டத்து எழுத்தர்) போன்ற சொற்களை அப்படியே வைத்து, கீழே இரண்டு வரி மலாய் விளக்கம் தருமாறு தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தோட்டத்தில் பிறந்த வாசகர்,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்