சனசமூக நிலைய ஆண்டறிக்கை 2025: இடாப்பும் தபால் வாக்கும்

தலைவர், பொருளாளர், நிர்வாகசபையினர், அங்கத்தவர்கள், கூட்டத்துக்கு வராமல் வாட்ஸ்அப்பில் மட்டும் வாசிக்கப் போகிறவர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். வாசிகசாலைக்குப் பத்திரிகை வழமைபோல வந்தது, முன்பள்ளிக் கூரை திருத்தியாயிற்று, விளையாட்டுப் போட்டி தள்ளிப் போய்த் தள்ளிப் போய்க் கடைசியில் நடக்கவேயில்லை. அதைப் பற்றிக் கேள்வி இருந்தால் விளையாட்டுச் செயலாளரிடம் கேளுங்கள். நான் இந்த முறை எழுத வேண்டியது, வருடத்தின் முற்பகுதி முழுவதையும் நிலையத்தில் தின்று தீர்த்த உள்ளூராட்சித் தேர்தலைப் பற்றி.

2018 பெப்ரவரி 10க்குப் பிறகு நமக்கு உள்ளூராட்சித் தேர்தலே இல்லை. 2023 மார்ச் 9 என்று திகதி குறித்து, பணமில்லை என்று நிறுத்தி, அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்புச் சொல்லி, ஒருவழியாக 2025 மே 6இல் நடந்தது. நடுவில் இரண்டு வருடத்துக்கு மேல் சபைகளில் உறுப்பினர் என்று ஒருவரும் இல்லை. தெருவிளக்கு எரியாவிட்டால் போய்ச் சண்டை பிடிக்கக்கூட ஆளில்லாத காலம் அது. அதனால் இந்த முறை எல்லாருக்கும் வாக்குப் போடும் ஆசை நிறையவே இருந்தது. வாக்காளர் இடாப்பில், அதாவது வாக்காளர் பெயர்ப் பதிவேட்டில், பெயர் இருக்கிறதா என்று பார்க்க வந்தபோதுதான் தலைவலி தொடங்கியது.

பலருக்குத் தெரியாத விடயம், மே மாதத் தேர்தல் 2024ஆம் ஆண்டு இடாப்பை வைத்துத்தான் நடந்தது. தேர்தல் அறிவித்த பிறகு ஓடிப்போய்ப் பதிய முடியாது. பதிவுக்கு ஒவ்வொரு வருடமும் பெப்ரவரி 1ஆம் திகதிதான் கணக்கு, அன்றைக்கு எங்கே வசிக்கிறீர்களோ அங்கேதான் பெயர் வரவேண்டும், அதற்குப் பின் 18 வயது நிரம்பும் பிள்ளைகளுக்குக் குறைநிரப்பு இடாப்பு என்று தனியாக உண்டு. கிராம உத்தியோகத்தர் (ஜீஎஸ்) விபரம் எடுக்க வரும்போது "ஆளில்லை, பிறகு வாங்கோ" என்று கேற்றடியில் அனுப்பிவிட்டு, தேர்தல் வந்ததும் ஜீஎஸ்தான் பெயரை வெட்டிவிட்டார் என்று நிலையத்தில் வந்து கத்துவதில் நியாயமில்லை. ஜீஎஸ்மார் எல்லாரும் ஓடியோடி வேலை செய்கிறவர்கள் என்று சொல்ல வரவில்லை, அது வேறு கதை.

அதிகம் அடிபட்டது கலியாணம் கட்டி இடம் மாறிய பிள்ளைகள். மூதூரிலிருந்து இங்கே திருகோணமலைக்கு வந்த ஒரு தங்கச்சியின் பெயர் அங்கே அம்மா வீட்டில் வெட்டுப்பட்டிருந்தது, இங்கே மாமியார் வீட்டில் சேர்க்கப்படவில்லை. ஏனென்றால் விபரம் கொடுத்த மாமாவுக்கு மருமகளும் இப்போது அந்த வீட்டு வாக்காளர் என்பது தோன்றவேயில்லை. நீக்கப்போகும் பெயர்களுக்கு ஒரு பட்டியல், சேர்க்கப்போகும் பெயர்களுக்கு ஒரு பட்டியல் என்று இரண்டையும் பார்வைக்கு வைப்பார்கள், அந்த நாட்களில் போய்ப் பார்த்து, பெயரைச் சேர்க்கச் சொல்லி உரிமைக்கோரிக்கை கொடுத்திருந்தால் முடிந்திருக்கும். இரண்டு ஊரிலும் ஒருவரும் பார்க்கவில்லை. மே 6 அன்று வீட்டில் எல்லாரும் போய் விரலில் மை பூசிக்கொண்டு வர, அந்தப் பிள்ளை மட்டும் வீட்டில் இருந்தாள். இதற்கு எதிர்மாறாக, காலமாகி வருடக்கணக்கான பெரியவர்களின் பெயர்கள் நம் வீதியில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. வீட்டுக்காரர்தான் சொல்லி எடுப்பிக்க வேண்டும்.

அப்புறம் தபால் வாக்கு. தேர்தல் அறிவித்த கிழமையிலிருந்து நிலையத்தில் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி, "மகன் கொழும்பில், அவனுக்குத் தபால் வாக்கு எடுக்கலாமா?" மகன் அரச உத்தியோகத்தராக இருந்தால், கடமை காரணமாகத் தன் வாக்களிப்பு நிலையத்துக்கு வரமுடியாவிட்டால், எடுக்கலாம். ஆசிரியர், தாதி, பொலிஸ், முப்படை, ரயில்வே, தபால், இலங்கை போக்குவரத்துச் சபை, தேர்தல் கடமைக்குப் போகிறவர்கள், இப்படித்தான் அந்த வட்டம். வெள்ளவத்தையில் கடையில் நிற்கும் பிள்ளைக்கும் கட்டாரில் வேலை செய்யும் பிள்ளைக்கும் அதில் இடமில்லை. வெளிநாட்டில் இருப்பவர் வாக்களிக்க நம் நாட்டில் இன்னும் வழியே கிடையாது. நம் வீதியில் வீட்டுக்கொருவர் வெளியில் இருக்கும்போது இது சரியான முறையா என்று கேட்டால், சரியில்லை என்பதுதான் என் அபிப்பிராயம்.

தனியார் வேலைக்காரருக்கு உள்ள ஒரே வழி லீவு. எழுத்தில் கேட்டால் சம்பளத்தோடு கொடுக்க வேண்டும். 40 கிலோமீற்றருக்குள் என்றால் அரை நாள், 100 வரை ஒரு நாள், 150 வரை ஒன்றரை நாள், அதற்கு மேல் இரண்டு நாள். கொழும்பிலிருந்து திருகோணமலை 250க்கு மேல், ஆகவே இரண்டு நாளும் உண்டு. மே 6 செவ்வாய்க்கிழமை, திங்களையும் சேர்த்துக் கேட்டவர்கள் வெள்ளி இரவு பஸ்ஸிலேயே வந்து சேர்ந்தார்கள். வாயால் கேட்டவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கவில்லை.

தபால் வாக்கு உள்ளவர்களும் எல்லாரும் போடவில்லை. விண்ணப்பத்தில் வாக்கெடுப்புப் பிரிவு, கிராம உத்தியோகத்தர் பிரிவு, இடாப்பில் உள்ள தொடரிலக்கம் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். பழைய வாக்காளர் அட்டையைப் பார்த்துப் போன வருட இலக்கத்தை எழுதினால் நிராகரிப்புத்தான். தேர்தல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அடையாள அட்டை இலக்கத்தை அடித்தால் விபரம் வரும். அதைப் பார்த்துத்தான் நம் வாசிகசாலை மேசையில் இளைஞரணிப் பிள்ளைகள் மாலை மாலையாக நிரப்பிக் கொடுத்தார்கள். பிறகு அலுவலகத்தில் அத்தாட்சிப்படுத்த வேண்டும். ஒரு காரியாலயத்தில் கையெழுத்துக்கு வைத்த படிவங்கள் முடிவுத்திகதி தாண்டிய பிறகுதான் கோப்புக்கடியிலிருந்து வெளியே வந்தன. பெயர் வேண்டாம்.

ஏப்ரல் 24, 25, 28, 29 தபால் வாக்களிப்பு. பதவிசிறிபுரப் பக்கம் படிப்பிக்கும் நம் ஆசிரியை சொன்னது: வாக்குச்சீட்டை மறைவாக வைத்துப் புள்ளடி போட்டு, மடித்து, சின்ன உறைக்குள் இட்டு ஒட்டி, வாக்காளர் தான்தான் என்று சொல்லும் அடையாளக் கூற்றில் கையெழுத்து வைத்து, இரண்டையும் பெரிய உறைக்குள் போட்டுக் கொடுப்பது. மேலதிகாரி முன்னால் இருந்தாலும் யாருக்குப் போட்டீர்கள் என்று பார்க்க அவருக்கு உரிமையில்லை. அதைத் தெரிந்து வைத்துக்கொண்டு போனபடியால் அவர் பதறவில்லை. ஆனால் பஸ் நடத்துநரான நம் அங்கத்தவர் ஒருவர் அந்த நான்கு நாளும் தூர ஓட்டம் என்று விட்டுவிட்டு, மே 6 காலை ஏழு மணிக்கே வரிசையில் நின்றார். தபால் வாக்கு அனுமதித்த பெயருக்கு அங்கே சீட்டுக் கொடுக்க மாட்டார்கள். திருப்பி அனுப்பினார்கள்.

இன்னொன்று, இது கட்சிக்குள் விரும்பிய வேட்பாளரின் இலக்கத்துக்குப் போடும் விருப்பு வாக்கு இல்லாத தேர்தல். கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ ஒரே புள்ளடி, வட்டார உறுப்பினரும் பட்டியல் உறுப்பினரும் அதை வைத்தே. 2024 நவம்பர் பொதுத்தேர்தல் நினைவில் விருப்பிலக்கம் தேடியவர்கள் இருந்தார்கள். அத்தோடு நம் அங்கத்தவர்களில் பாதிப்பேர் மாநகர சபைக்குள், மீதிப்பேர் பட்டணமும் சூழலும் பிரதேச சபைக்குள். பக்கத்து வீட்டு வேட்பாளருக்கு வாக்குப் போடப் போய் அவர் நிற்பது மற்றச் சபைக்கு என்று தெரிந்து திரும்பி வந்து என்னை ஏசினார்கள்.

2026 பெப்ரவரிக்கு நிர்வாகசபை முடிவெடுத்தது இதுதான். ஜீஎஸ் வரும் நாளை முன்கூட்டியே குழுவில் போடுவோம், புது மருமக்கள், 18 ஆன பிள்ளைகள், இறந்தவர்கள் விபரத்தை வீதிக்கு ஒருவர் எழுதி வைப்பார், அடையாள அட்டை இல்லாத முதியவர்களுக்குத் தற்காலிக அட்டை விண்ணப்பத்தை நிலையமே நிரப்பித் தரும். அடுத்தது நிர்வாகசபைத் தெரிவு. அதற்குத் தபால் வாக்குக் கிடையாது, கதிரையில் இருப்பவர்கள் மட்டும் கை உயர்த்தவும்.