ஃபார்மேட் வேண்டாம், கொஞ்சம் பொறு

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு நிச்சயம் முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். கல்யாணத் தேதியைச் சொல், முதல் நாளே குடும்பத்தோடு வந்து இறங்கிவிடுகிறோம்.

அப்புறம், உன் கம்ப்யூட்டர் விஷயம். வைரஸ் வந்திருக்கிறது, எல்லாவற்றையும் அழித்து ஃபார்மேட் செய்யவேண்டும் என்று கடைக்காரர் சொன்னாராமே? அவசரப்படாதே. டெஸ்க்டாப்பில் மங்கலாகத் தெரியும் அந்த இரண்டு 'டெஸ்க்டாப்.ஐஎன்ஐ' ஃபைல்களும் விண்டோஸே எழுதி வைத்தவை. ஒன்று உன் கணக்குக்கு, இன்னொன்று அந்த மெஷினைப் பயன்படுத்தும் எல்லோருக்கும் பொது. நோட்பேடில் திறந்து பார். ஃபோல்டரை என்ன பெயரில், எந்த ஐகானோடு காட்டவேண்டும் என்று நாலைந்து வரிகள் இருக்கும், அவ்வளவுதான். அழித்தாலும் திரும்ப வருகிறது என்று பயப்படுகிறாய். தேவைப்படும்போது விண்டோஸ் மறுபடி எழுதிக்கொள்ளும், அதனால்தான்.

இத்தனை நாள் தெரியாதது இப்போது ஏன் தெரிகிறது? யாரோ ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் வியூ பக்கம் போய், 'ஹைட் புரொடெக்டெட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்ற இடத்தில் டிக்கை எடுத்திருக்கிறார்கள். திரும்பப் போட்டுவிடு, மறைந்துவிடும். உன் பேரன் மேல்தான் எனக்குச் சந்தேகம்!

மாப்பிள்ளை பென் டிரைவில் கொடுத்த நிச்சயதார்த்தப் படங்களில், ஒவ்வொன்றுக்கும் புள்ளியும் அடிக்கோடும் முன்னால் போட்ட இன்னொரு ஃபைல் இருக்கிறது, திறந்தால் படம் வரவில்லை என்கிறாயே, அதுவும் வைரஸ் இல்லை. அவரிடம் ஆப்பிளின் மேக் கம்ப்யூட்டர் இருக்கவேண்டும். மேக்கில் காப்பி செய்தால் படத்தைப் பற்றிய கூடுதல் விவரங்களை இப்படித் தனி ஃபைலாக எழுதிவிடும்.

2002-இல் சுற்றிய கரடிப் பொம்மை மெயில் ஞாபகம் இருக்கிறதா? 'ஜேடிபிஜிஎம்ஜிஆர்.இஎக்ஸ்இ' என்று தேடுங்கள், கரடி ஐகான் இருந்தால் வைரஸ், ஆன்டிவைரஸுக்குக்கூட அகப்படாது, உடனே அழித்துவிட்டுத் தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லுங்கள் என்று. தேடினவர்களுக்குக் கரடி கிடைத்தது. கிடைக்காமல் எப்படி இருக்கும்? ஜாவா புரோகிராம் எழுதுபவர்களுக்காக விண்டோஸோடு வந்த ஃபைல் அது. அதற்கு முந்தைய வருஷம் வேறொரு விண்டோஸ் ஃபைலுக்கும் இதே கதி. இந்தக் கூத்தில் பரவியது அந்த மெயில் மட்டும்தான், பரப்பியது நல்ல மனசுக்காரர்கள்!

நிஜமாகவே பயப்படவேண்டியது இதற்கு நேர் எதிரானது. பென் டிரைவில் உன் ஃபோல்டர்கள் காணாமல் போய், அதே பெயரில் ஷார்ட்கட்கள் நின்றால் தொடாதே. அந்த வகை வைரஸ் உன் ஃபைல்களைத்தான் ஒளித்து வைக்கும். ஒரு ஃபைல் ஃபோல்டர் படம் போட்டுக்கொண்டு, 'டைப்' என்ற இடத்தில் 'அப்ளிகேஷன்' என்று இருந்தாலும் அதே கதைதான்.

மனசு கேட்கவில்லை என்றால் விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் ஆன்டிவைரஸில் ஒரு ஃபுல் ஸ்கேன் போட்டுவிடு. எப்படியும் நிச்சயதார்த்தப் படங்களை இன்னொரு டிஸ்கில் காப்பி எடுத்து வை. கடைக்காரரிடம் வாக்குவாதம் வேண்டாம், மெஷினை வாங்கிக்கொண்டு வந்துவிடு.

இங்கே எல்லோரும் நலம். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். பத்திரிகை அடித்ததும் ஒன்று அனுப்பு.

உன் பழைய பெஞ்ச் தோழன்