கடல்பாசிப் பூங்காவில் எங்களுக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மண்டபம் அருகே முனைக்காட்டில் கடல்பாசி வளர்ப்பவள் நான். 2021 மத்திய பட்ஜெட்டில் அறிவித்து, தொண்டிப் பக்கம் வளமாவூரில் அடிக்கல் நாட்டப்பட்ட கடல்பாசிப் பூங்காவை, அதாவது பாசித் தொழிலுக்கான வளாகத்தை, எங்கள் குழுப் பெண்கள் எல்லோரும் ஆவலோடு எதிர்பார்க்கிறோம். ஆனால், கட்டடம் எழும்பினாலே தொழில் செழித்துவிடும் என்ற பேச்சு எனக்குச் சம்மதமில்லை.

தொழில் வளர, அதற்கு வேண்டிய ஆட்களும் அறிவும் பக்கத்திலேயே கிடைக்க வேண்டும். என் அண்ணன் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். நூல் கடை, சாயப்பட்டறை, அட்டைப்பெட்டி செய்பவர் எல்லாம் கூப்பிடு தூரம் என்பான். தையல் மெஷின் நின்றால் மதியத்துக்குள் மெக்கானிக் வந்துவிடுவாராம். ஒரு பட்டறையில் தெரிந்த தொழில் நுணுக்கம் டீக்கடையில் பேசியே அடுத்த தெருவுக்குப் போய்ச் சேர்ந்துவிடுமாம்.

எங்கள் கரையிலும் படித்தவர்களுக்குக் குறைவில்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் 1971இல் கொச்சிக்குப் போகும்வரை மண்டபத்தில்தான் இருந்தது. கடல் விரால் மீனைக் குஞ்சு பொரிக்க வைத்ததும் இங்கேதான், 2010இல். பாசிக்கென்றே தனி ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. இருந்தும், 2013-14 வெப்பத்தில் எங்கள் பாசி வெளுத்து, தொட்டால் கையோடு கரைந்து வந்தபோது யாரிடம் போய்ச் சொல்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. பிறகு ஒருநாள் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி வந்து மணலில் எங்களோடு உட்கார்ந்து கேட்டாள். கரையோரத்து மிதவைகளில் கட்டிய பாசிதான் முதலில் செத்தது என்றோம். தண்ணீர்ச் சூட்டை அளந்து பார்த்துவிட்டு, கோடையில் மிதவையை ஆழத்துக்குத் தள்ளிக் கட்டச் சொன்னாள். இன்றுவரை அப்படித்தான் கட்டுகிறோம். அன்றைக்கு அவள் வராமல் போயிருந்தால்?

பன்னிரண்டு அடி மூங்கில் மிதவையில் விதைப்பாசியைக் கிள்ளிக் கிள்ளிக் கயிற்றில் கட்டுவோம். ஓரா மீன் மேய்ந்துவிடாமல் அடியில் வலை போடுவோம். 45 நாளில் அறுவடை. பத்துக் கிலோ பச்சைப்பாசி காய்ந்தால் ஒரு கிலோ தேறும். அதையும் வியாபாரி உள்ளங்கையில் அழுத்திப் பார்த்து, "ஈரம் இருக்கிறதம்மா" என்று விலையைக் குறைப்பார். இல்லை என்று காட்ட எங்களிடம் ஒரு கருவி கிடையாது. ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் சேரும் கூழ்ப்பொருளை அதிலிருந்து பிரித்தெடுப்பதெல்லாம் வேறு ஊரில்.

அதனால் பூங்காவில் ஈரம் அளக்கும் கருவியும் அன்றைய விலை எழுதிய பலகையும் வாசலிலேயே இருக்க வேண்டும். வெயிலில் பாசி அழிந்தால் மறுபடி தொடங்க விதை அங்கே கிடைக்க வேண்டும். பிரித்தெடுக்கும் வேலையை எங்கள் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டும். வளமாவூர் எங்களுக்குத் தொலைவு. மண்டபத்திலும் ஒரு கிளை வேண்டும்.

வாடைக்காற்று தொடங்கினால் மிதவைகளைக் கரையேற்றிவிடுவோம். அந்த மாதங்களில் பயிற்சி வைத்தால் எங்கள் குழுவில் ஒருவர் விடாமல் வருவோம்.

இப்படிக்கு,
பாசி வளர்க்கும் பெண் ஒருத்தி,
முனைக்காடு, ராமநாதபுரம் மாவட்டம்.