ஃபாலிங்வாட்டர் சுற்றுலா: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு,

வணக்கம். நம் தமிழ்ப் பள்ளியின் ஆறாம் நிலை முதல் எட்டாம் நிலை வரையிலான மாணவர்களை ஃபாலிங்வாட்டர் வீட்டைப் பார்க்க அழைத்துச் செல்கிறோம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் இருக்கும் வீடு இது, பிட்ஸ்பர்க்கிலிருந்து காரில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பயணம். மலைச்சரிவுப் பாறையோடு ஒட்டி, பேர் ரன் ஓடையின் அருவிக்கு மேலேயே நிற்கும் இந்த வீட்டை அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட் 1935-இல் வடிவமைத்தார். பிட்ஸ்பர்க் வணிகர் காஃப்மன் குடும்பத்தின் ஓய்வு வீடாக இருந்தது, 2019-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

அருவியோடு சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பினால் பாதி வீட்டைத்தான் பார்த்ததாகும். தூண் இல்லாமல் ஓடைக்கு மேல் சுமார் 15 அடி நீளும் தளம் எப்படி நிற்கிறது என்பதைப் பிள்ளைகள் புரிந்துகொண்டு வர வேண்டும்.

அதற்கு வீட்டிலேயே ஒரு சோதனை. நீளமான ஸ்பாஞ்சின் பக்கவாட்டில் அரை அங்குலத்துக்கு ஒரு கோடாகப் பேனாவால் போடுங்கள். ஒரு முனையை மேசை விளிம்பில் கனமான புத்தகத்தால் அழுத்திவிட்டு, வெளியே நீளும் முனையைக் கீழே அமுக்கச் சொல்லுங்கள். கோடுகள் மேலே விலகும், கீழே நெருங்கும். கான்கிரீட் நசுக்கலைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. அதனால்தான் இப்படி நீளும் உத்திரத்தில் இழுப்பைத் தாங்கும் எஃகுக் கம்பிகள் மேல்பக்கம் இருக்க வேண்டும்.

ஃபாலிங்வாட்டரில் அந்தக் கம்பிதான் போதவில்லை. ரைட் தரப்பு குறித்த அளவைக் காஃப்மன் அமர்த்திய பொறியாளர்கள் இரட்டிப்பாக்கியும் போதவில்லை. மாடித் தளத்தின் எடையில் ஒரு பகுதி, ஜன்னல் சட்டங்களுக்குள் இருக்கும் எஃகு வழியாகக் கீழ்த்தளத்தின் மேல் இறங்கியது கூடுதல் சுமை. கான்கிரீட் இறுகும்வரை தாங்கிய சென்ட்ரிங்கைப் பிரித்ததுமே தளம் தாழத் தொடங்கியது. பிற்காலத்தில் அந்தச் சரிவு 7 அங்குலம் வரை போயிற்று. 1997-இல் தற்காலிகமாக முட்டுக் கொடுத்தார்கள். 2002-இல் வரவேற்பறையின் தரைக்கற்களைப் பெயர்த்து, உத்திரங்களின் பக்கவாட்டில் எஃகு வடங்களை ஓட்டி, ஜாக்கியால் இழுத்து இறுக்கினார்கள். பழைய சரிவு நிமிரவில்லை, மேலும் தாழ்வது நின்றது. தள விளிம்பைத் தூரத்திலிருந்து கூர்ந்து பார்த்தால் பிள்ளைகளுக்கே அந்தச் சரிவு தெரியும்.

உள்ளே கணப்படுப்பின் முன்னே தரையிலிருந்து எழும் பாறையைக் கட்டாயம் காட்டுங்கள். அது அந்த மலையின் பாறையேதான். வெட்டி எடுக்காமல் அப்படியே விட்டிருக்கிறார் ரைட். சுற்றியுள்ள தரைக்கற்கள் மெழுகு பூசி நனைந்ததுபோல் மினுக்கும், பாறை மட்டும் மெழுகில்லாமல் உலர்ந்து தெரியும். ஜன்னல் கண்ணாடி, கற்சுவரைத் தொடும் இடத்தில் சட்டம் இல்லாமல் நேராகச் சுவருக்குள் போவதையும் பாருங்கள். அழகான வேலை, ஆனால் மழைநீர் கசிய வழி விடும் இடமும் அதுவே.

வழுக்காத ஷூ அவசியம். நடைவழிகள் குறுகலானவை, ஆகவே பைகளை வண்டியிலேயே வைத்துவிடலாம். எதையும் தொடக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பெற்றோர் வீதம் உடன் வர வேண்டும். வர விரும்புகிறவர்கள் ஒப்புதல் படிவத்திலேயே குறிப்பிட்டு, அடுத்த வகுப்பன்று வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்