பாவு இல்லாத தறிக்கு இலவச மின்சாரம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

இலவச மின்சாரம், மானியம், ஜவுளிப் பூங்கா என்று அரசு கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறது, விசைத்தறிக்காரர்கள் புலம்புவதும் நின்றபாடில்லை என்ற ரீதியில் உங்கள் வாசகர் ஒருவர் சென்ற வாரம் எழுதியிருந்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். நான் சேலம் கொண்டலாம்பட்டிப் பக்கம் நான்கு தறி வைத்துக் கூலிக்கு நெய்கிறவன், இருபத்திரண்டு வருஷமாக இதே பிழைப்பு. அதனால் என் வீட்டு மின்சார அட்டையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2023 மார்ச்சில் விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரத்தை 1000 யூனிட்டாக உயர்த்தினார்கள். கைத்தறிக்கு 200 இருந்தது 300 ஆனது. நல்ல காரியம், இல்லை என்று சொன்னால் வாய் அழுகிவிடும். அதற்கு முந்தின செப்டம்பரில் மின்கட்டணம் ஏறியபோது பில்லைப் பார்த்துத் தலையில் கை வைத்து உட்கார்ந்தவர்கள் நாங்கள். என் நான்கு தறியும் ஒழுங்காக ஓடினால் இரண்டு மாதத்துக்கு 1400, 1500 யூனிட் ஆகும். மேற்கொண்டு ஓடியதற்குக் காசு கட்டவேண்டும், கட்டுவேன், சந்தோஷமாகவே கட்டுவேன். கடைசியாக ரீடிங் எடுத்தபோது என் கணக்கு 610 யூனிட். சும்மா கொடுத்த கரண்டிலேயே 390 யூனிட்டை நான் தொடவில்லை. தறி நின்றது, பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூல், வரவில்லை.

பாவு ஏன் வரவில்லை என்பதை நெசவு தெரியாதவர்களுக்குச் சொல்லவேண்டும். எங்களைப் போன்ற கூலித் தறிக்காரர்களுக்கு நூல் சொந்தம் இல்லை. ஜவுளி முதலாளி பாவும் குறுக்கே ஓடும் ஊடை நூலும் கொடுப்பார், நாங்கள் நெய்து சேலையாகக் கொடுத்தால் சேலைக்கு இவ்வளவு என்று கூலி. நூல் விலை ஏறினால் முதலாளி பாவு கொடுப்பதைக் குறைப்பார், இந்த விலையில் நெய்து வைத்தால் விற்காது என்பார். சரி, விலை இறங்கினால் கொடுப்பாரா என்றால் அப்போதும் மாட்டார், இன்னும் இறங்கட்டும், இப்போது நெய்தால் நாளைக்கு அடுத்தவன் என்னைவிடக் குறைத்து விற்பான் என்பார். அவர் சொல்வதும் நியாயம்தான், அவர் போட்ட முதல் அவருக்கு. ஆனால் ஏறினாலும் இறங்கினாலும் நிற்பது என் தறி. ஆடி பிறந்தால் தீபாவளிச் சரக்குக்காக இராத்திரி பகலாக ஓடிய தெரு இது, வீட்டுக்குள் ஒருவர் பேசினால் இன்னொருவருக்குக் கேட்காது. போன ஆடியில் கோயில் மைக்செட் சத்தம் தெளிவாகக் கேட்டது.

சொந்தமாக நூல் வாங்கி நெய்யவேண்டியதுதானே என்று கேட்பார்கள். நெய்து பார்த்தவன்தான் நான். 2021 கடைசியில் மனைவியின் வளையலை அடகு வைத்து, நூல் கடையில் பாதி ரொக்கம் பாதி கடன் சொல்லி, கஞ்சி போட்டுப் பாவு ஓட்டி, காட்டன் சேலை இறக்கினேன். அப்போதுதான் பருத்தி தலைகால் தெரியாமல் ஏற ஆரம்பித்தது. 2022 மே மாதத்தில் ஒரு கண்டி, அதாவது 356 கிலோ பஞ்சு, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. திருப்பூரில் கடையடைப்பு நடத்தியது உங்கள் பத்திரிகையில்கூட வந்தது. 2021 பட்ஜெட்டில் வெளிநாட்டுப் பஞ்சுக்குப் போட்ட 11 சதவீத இறக்குமதி வரியை 2022 ஏப்ரலில்தான் தற்காலிகமாக எடுத்தார்கள். அதற்குள் பெரிய ஆட்கள் கையிருப்பை வைத்துச் சமாளித்துவிட்டார்கள், நான் உச்ச விலையில் நூல் வாங்கி இரண்டாவது பாவை ஓட்டிவிட்டேன். சேலை கைக்கு வந்து விற்கப் போனபோது விலை சரிந்துகொண்டிருந்தது. வளையலை இன்னும் மீட்கவில்லை. இப்போது மறுபடி கூலிக்கே வந்துவிட்டேன்.

இந்த இடத்தில்தான் அரசின் உதவி எனக்குத் தேவைப்பட்டது, இந்த இடத்தில்தான் ஒன்றும் இல்லை. கரண்டுக்கு உதவி இருக்கிறது. புதுத் தறி வாங்க மானியம் இருந்தது, 1999இலிருந்து மத்திய அரசு ஏதோ ஒரு பெயரில் கொடுத்துவந்தது. ஆனால் அது வங்கிக் கடனோடு சேர்ந்து வரும் மானியம். ரேபியர் என்கிற நாடா இல்லாத வேகத் தறி போட நான் வங்கிக்குப் போனபோது மேலாளர் மரியாதையாகத்தான் பேசினார், கடைசியில் நிலப் பத்திரம் கேட்டார். நான் இருப்பது வாடகைக் கட்டடம். இளம்பிள்ளையில் வசதி உள்ளவர்கள் ரேபியர் போட்டு ஊடை நூலை நாடா சுமந்து போகிற எங்கள் பழைய நாடாத் தறியைவிட இரண்டு மடங்குக்கும் மேல் வேகத்தில் நெய்கிறார்கள். சூரத்தில் தண்ணீரைப் பீய்ச்சி ஊடை நூலை ஓட்டுகிற வாட்டர் ஜெட் தறி ஓடுகிறது, அது இன்னும் வேகம். அங்கிருந்து வரும் பாலியஸ்டர் சேலையின் விலைக்கு எங்களால் நூல்கூட வாங்க முடியாது.

ஒன்றை ஒத்துக்கொள்ளவேண்டும். என் அப்பா கைத்தறிக்காரர். அம்மாபேட்டையில் குழித்தறியில் கால் இறக்கி உட்கார்ந்து வெண்பட்டு வேட்டி நெய்தவர். சேலம் வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்துப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, அப்பா அதைப் பற்றிக் கேட்டால் சிரிப்பார். கைத்தறியைக் காப்பாற்ற 1985இல் ரக ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. முதலில் 22 ரகம், பிறகு அதை 11 ஆகக் குறைத்தார்கள். குறிப்பிட்ட வகை வேட்டி, சேலையை எல்லாம் விசைத்தறியில் நெய்யக்கூடாது என்று சட்டம் சொல்கிறது. யார் கேட்டார்கள்? சோதனைக்கு வருகிறார்கள் என்று தெரிந்தால் அன்றைக்கு மட்டும் அந்தத் தறி நிற்கும். நானும் அந்த மாதிரி நெய்திருக்கிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. அப்பாவின் தறியை நிறுத்தியதில் எனக்கும் பங்கு உண்டு, இன்றைக்கு என் தறியைச் சூரத் நிறுத்துகிறது. அதனால் கைத்தறியா விசைத்தறியா என்ற பழைய சண்டையை யாராவது கிளப்பினால் அதில் சேர எனக்கு மனசு வருவதில்லை. 1960இலிருந்து இந்திய கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இதே சேலத்தில்தான் இருக்கிறது, நெசவைப் படிப்பாகச் சொல்லித் தருகிற ஊர் இது. எங்கள் தெருப் பையன்கள் ஓசூருக்குக் கம்பெனி வேலைக்குப் போகிறார்கள்.

அப்புறம் இலவச வேட்டி சேலைத் திட்டம். 1983இல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்தது. பொங்கலுக்கு ஏறக்குறைய 1.77 கோடி சேலையும் அதே அளவு வேட்டியும் தேவைப்படுகிறது. இவ்வளவு பெரிய ஆர்டர் தனியாரிடம் எங்கே கிடைக்கும்? தறிக்காரர்கள் பல வருஷமாகக் கேட்பது ஒன்றுதான், ஜூன் மாதமே நூலைக் கையில் கொடுங்கள் என்று. நூல் தாமதமாக வந்தால் பொங்கலுக்கு முன் எல்லாரும் அடித்துப் பிடித்து நெய்யவேண்டியிருக்கிறது, மற்ற மாதங்களில் சும்மா உட்கார வேண்டியிருக்கிறது. அதுவும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் இருப்பவர்களுக்குத்தான். நான் ஒரு சங்கத்தில் சேரப் போனேன், புது உறுப்பினர் சேர்ப்பதில்லை என்றார்கள். ஏன் என்று கேட்டதற்கு, ஆர்டரே இருப்பவர்களுக்குப் போதவில்லை என்றார் அங்கிருந்தவர். பொய் சொல்வதாகத் தோன்றவில்லை.

நான் கேட்பது நூல். நூல் வங்கி என்று ஒரு திட்டம் விசைத்தறிக்கான மத்திய அரசின் பவர்டெக்ஸ் திட்டத்திலேயே இருந்தது, வட்டியில்லாமல் இரண்டு கோடி வரை கொடுத்து, மில்லில் மொத்தமாக நூல் வாங்கிச் சின்னத் தறிக்காரர்களுக்குக் கொடுப்பது என்று. யோசனை அருமை. ஆனால் அதற்குத் தறிக்காரர்கள் சேர்ந்து ஒரு அமைப்பைப் பதிவு செய்து, கணக்கு வைத்து, வங்கி உத்தரவாதம் காட்டவேண்டும். நாலு தறிக்காரன் எங்கே போவான்? அதை மாநில அரசே எடுத்து நடத்தட்டும். கொண்டலாம்பட்டியில் ஒன்று, இளம்பிள்ளையில் ஒன்று, ஜலகண்டாபுரம், தாரமங்கலம் பக்கம் ஒன்று. பாவு ஓட்டிய நாளில் என்ன விலையோ அதே விலை, சேலை விற்ற பிறகு பணம். மூன்று மாதத் தவணை போதும். இலவசம் வேண்டாம், கடன்தான் கேட்கிறேன். விலை ஏறி இறங்குவதைத் தாங்குகிற தோள் எனக்கு இல்லை, அரசுக்கு இருக்கிறது. 2025 செப்டம்பரில் செயற்கை நூலுக்கு ஜி.எஸ்.டி.யை 12இலிருந்து 5 சதவீதமாகக் குறைத்தார்கள், நல்லதுதான், ஆனால் நூல் வாங்குகிறவருக்குத்தான் அந்தக் கணக்கு. கூலிக்கு நெய்கிறவன் வரை அது இறங்கி வரவில்லை.

கூலியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2019இல் வாங்கியதைவிட இன்று ஒரு சேலைக்கு எட்டு ரூபாய் கூடுதல். ஊடை நூலைக் குழலில் தார் சுற்றுகிற ஆளுக்கும் பழைய பாவோடு புதுப் பாவைப் பிணைக்கிறவருக்கும் கூலி அதைவிட அதிகமாக ஏறிவிட்டது, தார் சுற்றுவதை இப்போது என் மனைவியே செய்கிறாள். கோவை, திருப்பூர்ப் பக்கம் 2025 மார்ச்சில் கூலித் தறிகளை நிறுத்தி ஒரு மாதம் போல உட்கார்ந்தார்கள், கலெக்டர் ஆபீசில் பேச்சுவார்த்தை நடந்து கூலி உயர்ந்தது. எங்கள் பக்கம் நிறுத்திப் போராட முடியாது, ஏற்கெனவே நின்றுகொண்டுதானே இருக்கிறது!

ஜாகீர் அம்மாபாளையத்தில் ஜவுளிப் பூங்கா வருகிறது என்கிறார்கள். வரட்டும். அங்கே மனை வாங்கிக் கட்டடம் கட்டுகிறவர்களுக்கு அது உதவும், என் பையனுக்கு அங்கே ஒரு வேலை கிடைத்தால்கூட நல்லதுதான். ஆனால் எங்கள் தெருவில் போன வருஷத்திலிருந்து பதினோரு தறியை உடைத்து இரும்புக் கடைக்கு எடைக்குப் போட்டிருக்கிறார்கள். பூங்கா வரும்வரை மீதியாவது நிற்குமா என்று தெரியவில்லை.

நான் எழுதியதில் சந்தேகம் இருந்தால் அந்த வாசகரோ, துறை அதிகாரிகளோ நேரில் வந்து மீட்டர் அட்டையைப் பார்க்கலாம். முன்கூட்டியே சொல்லாமல் வந்தால் நல்லது. சொல்லிவிட்டு வந்தால் எப்படியாவது கடன் வாங்கி இரண்டு பாவு ஏற்றி நான்கு தறியையும் ஓட்டிக் காட்டிவிடுவேன், வந்தவர்களிடம் தறி நிற்பதைக் காட்ட எங்களுக்குக் கூச்சம்.

இப்படிக்கு,
ஒரு கூலித் தறிக்காரன்,
கொண்டலாம்பட்டி, சேலம்.