110இல் தொடங்கும் அஞ்சல் எண்: விடுதி ஒதுக்கீட்டுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும், மாணவர் நலத் துறைத் தலைவர் அவர்களுக்கும், மகளிர் விடுதி ஒதுக்கீட்டுக் குழுவினருக்கும்,

வணக்கம்.

விடுதி அறை வேண்டும் என்ற இதே விஷயத்தை ஆங்கிலத்தில் ஒருமுறை எழுதினேன், இந்தியில் ஒருமுறை எழுதினேன். இரண்டும் உங்கள் கோப்பில் எங்கோ பத்திரமாக இருக்கும். மூன்றாவது மடலைத் தமிழில் எழுதுகிறேன். உங்கள் அலுவலகத்தில் இதைப் படிக்கத் தெரிந்தவர் இல்லாமல் போகலாம். அதனாலென்ன, படிக்காமல் கிடப்பதற்கு எந்த மொழியாக இருந்தாலும் ஒன்றுதானே. தில்லியில் தமிழ் படிப்பவர்களாவது படிக்கட்டும்.

சென்ற வாரம் ஒரே நாளில் உங்களிடமிருந்து இரண்டு காகிதங்கள் வந்தன. முதலாவது விடுதி அலுவலகத்திலிருந்து: "விண்ணப்பதாரர் உள்ளூர்வாசி. தகுதி இல்லை." இரண்டாவது துறை அலுவலகத்திலிருந்து: காலை 8.30 மணி வகுப்பில் என் வருகை 68 சதவீதம்தான், 75க்குக் குறைந்தால் தேர்வு எழுத முடியாது, தாமதத்துக்குக் காரணம் என்ன என்று மூன்று நாளுக்குள் விளக்கம் தரவேண்டும். இரண்டு அலுவலகங்களும் ஒரே மாடியில், எதிரெதிர் அறைகளில் இருக்கின்றன. ஓர் அறை என் வீடு பக்கத்தில் இருக்கிறது என்கிறது. எதிர் அறை ஏன் இவ்வளவு நேரமாகிறது என்று கேட்கிறது. நடுவில் இருப்பது ஆறடி அகல நடைபாதையும் ஒரு குடிநீர் இயந்திரமும். அதுவும் பழுது.

விளக்கம் கேட்டீர்கள், தருகிறேன்.

ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்கால் ஓரம் இருந்த மதராசி கேம்ப் என்ற தமிழர் குடிசைப் பகுதியை நீங்கள் அறிவீர்கள். 2025 ஜூன் 1 அன்று நீதிமன்ற உத்தரவின்படி அது இடிக்கப்பட்டதைச் செய்தியிலும் பார்த்திருப்பீர்கள். சுமார் 370 வீடுகள். அவற்றில் 189 குடும்பங்களுக்கு மட்டும் மாற்று வீடு பெறத் தகுதி உண்டு என்றார்கள். எங்கள் பெயர் அந்தப் பட்டியலில் இருந்தது, அந்த வகையில் அதிர்ஷ்டக்காரர்கள். வீடு கிடைத்தது நரேலாவில். தில்லியின் வடகோடி அது. உங்கள் வளாகம் இருப்பது தெற்கே. ஜங்புராவில் இருந்தவரை ஒரே பஸ்ஸில் முக்கால் மணி நேரத்தில் வகுப்புக்கு வந்துவிடுவேன். அந்த நாள்களில் நான் விடுதி கேட்டதே இல்லை என்பதையும் உங்கள் கோப்பில் பார்க்கலாம்.

இப்போது காலை ஐந்தரைக்கு நானும் அம்மாவும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புகிறோம். அம்மாவுக்கு ஜங்புரா எக்ஸ்டென்ஷனில் இரண்டு வீடுகளில் சமையல் வேலை. வீடுதான் இடம் மாறியது, வேலை அங்கேயேதான் இருக்கிறது. ஆசாத்பூர் வரை ஒரே பஸ்ஸில் வருவோம். ஏறி உட்கார்ந்ததும் அம்மா என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவாள். நான் மொபைல் வெளிச்சத்தில் அன்றைய பாடத்தைப் படிப்பேன். பெண்களுக்குக் கொடுத்த இளஞ்சிவப்பு இலவச டிக்கெட்டுகள்தான் என் புத்தகங்களில் பக்க அடையாளம். எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் ஒன்று விழும். ஆசாத்பூர் மண்டியை நெருங்கும்போது பஸ் நின்றுவிடும். காய்கறி லாரிகள் இரண்டு வரிசையாகச் சாலையை அடைத்துக்கொண்டு நிற்கும். டிசம்பர், ஜனவரியில் பனிமூட்டமும் சேர்ந்துகொள்ளும். முன்னால் நிற்கும் லாரியின் பின்விளக்கு மட்டும் சிவப்பாகத் தெரியும், லாரி தெரியாது. ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டுக் கைகளைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சில நாள் பத்து நிமிடம், சில நாள் அரை மணி.

ஆசாத்பூரில் நான் மெட்ரோவுக்குப் படியேறுவேன். அம்மா அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பாள், ஏனென்றால் பஸ்ஸில் அவளுக்குக் கட்டணம் இல்லை. மெட்ரோவில் ஒரு வழிக்கே நாற்பது ரூபாய் போல் ஆகிவிடுகிறது, 2025 ஆகஸ்டில் கட்டணத்தை வேறு ஏற்றினார்கள். பிறகு இன்னொரு பஸ், அதன்பின் நடை. எல்லாம் ஒழுங்காக நடந்தால் 8.20க்கு வளாக வாசலுக்கு வருவேன். மண்டியில் லாரி நின்றால் 8.50. எங்கள் பேராசிரியர் 8.40க்கு வருகைப் பதிவேட்டை மூடிவிடுவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எழுபது பேருக்குப் பாடம் நடத்துகிறவர் ஒவ்வொருவருக்காகவும் கதவைத் திறந்துகொண்டிருக்க முடியாது. வகுப்புக் கதவில் உள்ளங்கை அகலத்தில் ஒரு கண்ணாடி உண்டு. அதன் வழியே கரும்பலகையின் இடப்பாதி தெரியும். நான் வரவில்லை என்று நீங்கள் கணக்கிட்ட 32 சதவீத நாள்களில் பெரும்பாலானவற்றில் நான் அந்தக் கண்ணாடிக்கு வெளியே நின்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். இடப்பாதி மட்டும்.

இதுதான் என் விளக்கம். இனி என் கோரிக்கை: விடுதி இடத்தை மாநில எல்லையைப் பார்த்துக் கொடுக்காதீர்கள், பயண நேரத்தைப் பார்த்துக் கொடுங்கள்.

என் வகுப்புத் தோழி ஒருத்திக்கு முதல் பட்டியலிலேயே விடுதி அறை கிடைத்தது. அவள் வீடு குண்ட்லியில். விவசாயிகள் ஓராண்டுக்கு மேல் உட்கார்ந்திருந்தார்களே, அந்த சிங்கு எல்லையைத் தாண்டியதும் வருகிற ஊர். நரேலாவிலிருந்து சில கிலோமீட்டர்தான். ஆனால் அது ஹரியானா. அவளுடைய அஞ்சல் எண் 131 என்று தொடங்குகிறது, என்னுடையது 110 என்று தொடங்குகிறது. உங்கள் விதிப்படி அவள் வெளியூர், நான் உள்ளூர். அவள்மேல் எனக்குத் துளியும் பொறாமை இல்லை. மழை நாள்களில் அவள் அறையில்தான் என் துப்பட்டாவை உலர்த்துகிறேன். அவளுக்கு அறை கொடுத்தது சரி. அதே காரணம் எனக்கு ஏன் பொருந்தவில்லை என்பதுதான் கேள்வி.

விடுதியிலிருந்து வந்த காகிதத்தை அம்மாவுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். "நாம் எப்போது உள்ளூர் ஆனோம்?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டாள். தாத்தா விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அம்மா பிறந்ததும் நான் பிறந்ததும் இங்கேதான். இருந்தும் நாங்கள் வாழ்ந்த இடத்துக்கு இந்த நகரம் வைத்த பெயர் மதராசி கேம்ப். கடைக்காரருக்கும் பஸ் நடத்துநருக்கும் நாங்கள் மதராசி. வீட்டை இடித்தபோதும் மதராசி. உங்கள் விடுதி விண்ணப்பத்தில் மட்டும் தில்லிக்காரி. ஐம்பது ஆண்டுகளாகக் கிடைக்காத பட்டத்தை ஒரே வரியில் வழங்கிய பல்கலைக்கழகத்துக்கு நன்றி சொல்வதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

விடுதியில் இடம் குறைவு என்று சொல்வீர்கள். தெரியும். அறைகளைப் போல் பல மடங்கு மாணவர்கள். இருக்கிற அறையை யாருக்குக் கொடுப்பது என்பதைத்தான் பேசுகிறேன். மதுரையிலிருந்தும் மணிப்பூரிலிருந்தும் வருகிறவர்களுக்கு முதலில் கொடுங்கள், அதில் வழக்கே இல்லை. அவர்களுக்குப் பிறகும் நீங்கள் நிரப்புகிற இடங்கள் இருக்கின்றன. அந்த வரிசையில் ஒருநாள் பயணம் எவ்வளவு நேரம் என்று ஒரு கட்டத்தை விண்ணப்பத்தில் சேர்க்கக்கூடாதா? தந்தையின் தொழிலுக்கும் தாயின் தொழிலுக்கும் ரத்த வகைக்கும் கட்டம் இருக்கிறதே.

பகல்நேர மாணவிகளுக்கென்று ஓர் ஓய்வறை இருப்பதாகத் தகவல் கையேட்டில் அச்சிட்டிருக்கிறீர்கள். தேடிப் போனேன். பட்டமளிப்பு விழா நாற்காலிகளை அடுக்கிப் பூட்டி வைத்திருக்கிறார்கள். நூலகத்திலோ உட்கார்ந்து படிப்பதற்குள் எனக்குக் கடைசி பஸ் கவலை வந்துவிடும். வாசலில் செல்ஃபி எடுக்க ஒரு மேடை கட்டியிருக்கிறீர்கள், அதற்கு மட்டும் இரவெல்லாம் விளக்கு எரிகிறது. நரேலாவில் பல்கலைக்கழகங்களுக்கு நிலம் ஒதுக்குகிறார்கள் என்று அவ்வப்போது செய்தி வருகிறது. நீங்களும் அங்கே ஒரு வளாகம் கட்டினால் என் வீட்டு வாசலுக்கே வந்துவிடும். நான் படித்து முடித்துப் பத்து ஆண்டு கழித்து.

மன்னியுங்கள், பேச்சு திசைமாறிவிட்டது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு மாணவர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறைகளின்படி, புகார் பெற்ற 15 வேலை நாள்களுக்குள் குறைதீர்ப்புக் குழு அறிக்கை தரவேண்டும். என் முதல் புகாரை ஆகஸ்டு முதல் வாரத்தில் நேரில் கொடுத்து, முத்திரையிட்ட நகலும் வாங்கி வைத்திருக்கிறேன். 15 வேலை நாள்கள் செப்டம்பருக்குள்ளேயே முடிந்துவிட்டன. குழுவுக்கு மேலே குறைகேள் அதிகாரி ஒருவர் உண்டு என்பதும் அவரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்பதும் எனக்குத் தெரியும். அதுவரை போக விருப்பமில்லை. காலை ஐந்தரைக்குக் கிளம்புகிறவளுக்கு வழக்கு நடத்த நேரம் ஏது?

ஆகவே பணிவோடு மீண்டும் கேட்கிறேன். பயண நேரத்தைப் பார்த்து விடுதி இடம் கொடுங்கள். நரேலாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களில் கல்லூரிக்குப் போகிறவள் நான் ஒருத்தி மட்டும் அல்ல. அடுத்த ஆண்டு உங்களிடம் விண்ணப்பிக்கப்போகும் இரண்டு பெண்கள் என் மாடியிலேயே இருக்கிறார்கள். இந்தப் பருவத்துக்கு அறை இல்லையென்றால், இப்போதைக்கு வருகைக் குறைவையாவது இந்த மடலை விளக்கமாக ஏற்றுத் தள்ளுபடி செய்யுங்கள்.

காலியிடப் பட்டியலைக் காலை ஏழு மணிக்கு இணையத்தில் ஏற்றுவது உங்கள் வழக்கம். அந்நேரம் நான் ஆசாத்பூர் மண்டி அருகே பஸ்ஸில் இருப்பேன். அங்கே சிக்னல் நன்றாகக் கிடைக்கும்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
முதுகலை இரண்டாமாண்டு மாணவி,
நரேலா, தில்லி 110040