ஒற்றைக் கண் வக்கீலுக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஆல்பியன் டூர்ஜே ஐயாவுக்கு,

வணக்கம். வக்கீல் குமாஸ்தாவாக இருபது வருஷம் கேஸ் கட்டு சுமந்தவன் எழுதுகிறேன். எங்கள் ஆபீஸில் தோற்ற கட்டு பரணுக்குப் போய்விடும். நீங்கள் 1896-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் தோற்ற பிளெஸ்ஸி வழக்குக் கட்டை மட்டும் இன்னும் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

14 வயதில் விபத்தில் ஒரு கண் போனது. அமெரிக்காவின் வடக்கும் தெற்கும் மோதிய உள்நாட்டுப் போரில், 1861-இல் புல் ரன் என்ற இடத்தில் வடக்குப் படையோடு பின்வாங்கும்போது பீரங்கி வண்டிச் சக்கரம் முதுகில் மோதி, கொஞ்ச காலம் நடக்க முடியாமல் கிடந்தீர்கள். தேறியதும் மறுபடி பட்டாளம், பிடிபட்டுச் சிறை. போர் ஓய்ந்ததும் ஓஹையோக்காரரான நீங்கள், தோற்ற தெற்கிலேயே, வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் போய்க் குடியேறினீர்கள். பிடிவாதம்தான். அங்கே 1868 முதல் ஆறு வருஷம் நீதிபதி. வெள்ளை இனவெறிக் கும்பலான கு கிளக்ஸ் கிளானின் மிரட்டலும் கூடவே வந்தது. 1870-இல் உங்கள் நண்பர், மாநில செனட்டர் ஜான் ஸ்டீபன்ஸை நீதிமன்றக் கட்டிடத்துக்குள்ளேயே கொன்றார்கள். அப்புறம் நாவல் எழுதிச் சம்பாதித்ததைப் பத்திரிகை நடத்தித் தொலைத்தீர்கள். அந்த வியாதி எங்கள் ஊரிலும் உண்டு, விடுங்கள்.

எனக்குப் பேச வேண்டியது பிளெஸ்ஸி வழக்கைப் பற்றி. வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனி ரயில் பெட்டி என்று லூசியானா மாநிலம் 1890-இல் சட்டம் போட்டது. அங்கே நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஒரு குழுவினர் எதிர்த்துக் கிளம்பினார்கள். நீங்கள் ஃபீஸ் வாங்காமல் வக்காலத்து போட்டீர்கள். 1892 ஜூன் 7. ஹோமர் பிளெஸ்ஸி முதல் வகுப்பு டிக்கெட்டோடு வெள்ளையர் பெட்டியில் உட்கார்ந்தார். கொள்ளுத் தாத்தா பாட்டி எட்டுப் பேரில் ஏழு பேர் வெள்ளையர். பார்த்தால் யாருக்கும் தெரியாது. நீங்கள் கறுப்பரா என்று கண்டக்டர் கேட்டார், ஆமாம் என்றார், எழுந்திருக்க மறுத்தார், கைதானார். எல்லாமே முன்கூட்டிப் பேசி வைத்தது. கூடுதல் பெட்டி இழுக்கும் செலவு பிடிக்காமல் ரயில் கம்பெனியும் ஒத்துழைத்தது.

உச்ச நீதிமன்றத்தில் நீங்கள் கொடுத்த வாதுரையில் ஓரிடம் எனக்கு மனப்பாடம். இந்த நீதிபதிகளே நாளைக் காலையில் கறுத்த தோலும் சுருட்டை முடியுமாகக் கண் விழித்தால் என்ன செய்வார்கள் என்று கேட்கிறீர்கள். நீதிபதி முகத்துக்கு நேரே! எங்கள் சீனியர் இப்படி எழுதச் சொல்லியிருந்தால் எனக்குக் கை நடுங்கியிருக்கும்.

ஆனால் இன்னொரு வாதம் உறுத்துகிறது. வெள்ளையர் என்ற பெயரே ஒரு சொத்து, அதைக் கண்டக்டர் பறிக்கலாமா என்றீர்கள். சாமர்த்தியம்தான், ஒத்துக்கொள்கிறேன். வெள்ளையாகத் தெரிகிற ஆள் வேண்டும் என்று யோசித்ததும் இதற்குத்தானே? சரி, கன்னங்கரேல் என்று இருக்கிறவனுக்கு அந்தச் சொத்து ஏது? அவன் எந்தப் பெட்டியில் ஏறுவது?

1896 மே 18-இல் தீர்ப்பு. ஏழுக்கு ஒன்று என்ற கணக்கில், தனிப் பெட்டிச் சட்டம் செல்லும் என்றார்கள். மறுத்த அந்த ஒரு நீதிபதி ஜான் ஹார்லன், நமது அரசியல் சாசனத்துக்கு நிறம் தெரியாது என்று எழுதினார். நீதி தேவதைக்குக் கண் கட்டியிருக்கிறது, அவள் மகளான சட்டத்துக்கு நிறமாவது தெரியாமல் இருக்கட்டும் என்று வாதுரையில் நீங்கள் முன்பே எழுதியிருந்தீர்கள். பெயர் என்னவோ அவருக்குத்தான் போயிற்று. குமாஸ்தாவுக்கு இது பழகிய விஷயம். நாங்கள் எடுத்துக் கொடுத்த பாயிண்டைச் சீனியர் பேசிக் கைதட்டு வாங்குவார்.

1897-இல் நீங்கள் தூதரக அதிகாரியாக பிரான்ஸின் போர்தோ நகருக்குப் போனீர்கள். 1905-இல் அங்கேயே கண் மூடினீர்கள். பள்ளிக்கூடங்களில் இந்தப் பிரிவினை செல்லாது என்று அதே நீதிமன்றம் சொல்ல 1954 ஆயிற்று. நீங்கள் கப்பல் ஏறிய அதே 1897-இன் ஜனவரியில்தான் பிளெஸ்ஸி குற்றத்தை ஒப்புக்கொண்டு 25 டாலர் அபராதம் கட்டினார். 2022 ஜனவரியில் லூசியானா ஆளுநர் அவருக்கு மன்னிப்பு வழங்கிக் கையெழுத்துப் போட்டார். குமாஸ்தா புத்தி போகுமா? அந்த 25 டாலருக்கு 125 வருஷ வட்டி போட ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் கட்டைப் பரணிலிருந்து இறக்கிய ஒருவன்